ஜெண்டா நாவல்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்டனி ஹோப் எழுதிய ‘தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா’ என்ற ஆங்கில நாவலை யாருக்குப் பரிந்துரைத்தாலும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கியங்களிலேயே விட்டிருக்கிறேன். மைக்கேலைப் பற்றிய கேள்வியிலிருந்து நடுக்கதையும், ஃபிளேவியாவைப் பற்றிய கேள்விகளிலிருந்து முடிவும் பேசப்படுகின்றன. நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

கதையைக் கெடுக்காமல், இது எதைப் பற்றிய நாவல் என்று சொல்ல முடியுமா?

ருடால்ஃப் ராசெண்டில் இருபத்தொன்பது வயதான ஆங்கிலேயக் கனவான். செல்வம் இருக்கிறது, வேலை எதுவும் இல்லை. ருரிட்டானியா என்ற சிறு நாட்டில் நடக்கவிருக்கும் முடிசூட்டு விழாவை வேடிக்கை பார்க்கப் போகிறான். போன இடத்தில், முடிசூடவிருக்கும் ஐந்தாம் ருடால்ஃப் மன்னன் உருவத்தில் தன்னைப் போலவே இருப்பதைக் காண்கிறான். விழாவுக்கு முந்தைய இரவு, மன்னனின் மாற்றாந்தாய் மகனான மைக்கேல் அனுப்பிய மதுவில் மயக்க மருந்து கலந்திருக்கிறது. விடிந்த பிறகும் மன்னன் எழவில்லை. அன்று முடிசூடாவிட்டால் அரியணை மைக்கேலின் கைக்குப் போய்விடும் என்ற நிலையில், மன்னனின் விசுவாசிகளான கர்னல் சாப்ட்டும் ஃபிரிட்ஸும் ராசெண்டிலை மன்னனாக வேடமிடச் செய்து தலைநகரான ஸ்ட்ரெல்சாவுக்கு அழைத்துப் போகிறார்கள்.

ஒரு நாளுக்கென்று போட்ட வேடம் ஒரு நாளில் முடிவதில்லை. மன்னனுக்கு மனைவியாக வரப்போகிறவள் என்று நாடே எதிர்பார்க்கும் இளவரசி ஃபிளேவியா அந்த வேடக்காரனைக் காதலிக்கத் தொடங்குவதுதான் நாவலின் உண்மையான சிக்கல்.

ருரிட்டானியா என்று ஒரு நாடு இருந்ததா? வரைபடத்தில் தேடியும் கிடைக்கவில்லையே?

இல்லை, அது முழுக்கக் கற்பனை. ஆனால் ஆசிரியர் அதை எங்கோ வானத்தில் வைக்கவில்லை. ராசெண்டில் பாரிஸிலிருந்து புறப்பட்டு, டிரெஸ்டனில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அங்கிருந்து ரயிலேறி எல்லையைக் கடக்கிறான். எல்லையிலிருந்து பத்து மைலில் ஜெண்டா என்ற சிற்றூர், அங்கிருந்து ஏறக்குறைய ஐம்பது மைலில் ஸ்ட்ரெல்சாவ். மக்கள் பேசுவது ஜெர்மன். உண்மையான ரயில் நிலையங்களைக் கோத்துக்கொண்டே வந்து கடைசி நிலையத்தை மட்டும் கற்பனையாக வைத்திருப்பதால், நாடு இருப்பதாகவே வாசகருக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெயர் பிறகு கதையைத் தாண்டிப் போய்விட்டது. பொருளியல், பன்னாட்டுச் சட்டம் ஆகிய துறைகளில் உதாரணத்துக்கு ஒரு நாடு தேவைப்பட்டால் ருரிட்டானியாவை எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஆசிரியர் வேறு என்ன எழுதியிருக்கிறார்? அவரைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டதில்லை.

முழுப்பெயர் ஆண்டனி ஹோப் ஹாக்கின்ஸ், 1863-இல் பிறந்து 1933-இல் இறந்தவர், லண்டனில் வழக்கறிஞராக இருந்தவர். 1893 நவம்பரில் ஒருநாள், வழக்கு ஒன்றை முடித்துவிட்டு நீதிமன்றத்திலிருந்து நடந்து வரும்போது கதையின் கரு தோன்றியது என்றும், ஒரு மாதத்துக்குள் முதல் வரைவை முடித்தார் என்றும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1894-இல் நூல் வெளியாகி நன்றாக விற்றது. அதன் பிறகு வழக்கறிஞர் தொழிலை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்துவிட்டார். நிறைய எழுதியிருந்தாலும் இன்று படிக்கப்படுவது பெரும்பாலும் இந்த நாவலும் இதன் தொடர்ச்சியும்தான்.

இது காதல் கதையா, மர்மக் கதையா? கடையில் ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு மாதிரிப் போட்டிருக்கிறார்கள்.

கொலை நடந்து, துப்பறிவாளர் வந்து, கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியைச் சுட்டிக்காட்டும் வகையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எதிரி யார் என்பது மூன்றாம் அத்தியாயத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். எழுதப்பட்ட காலத்தில் சாகசக் கதையாகத்தான் அறிமுகமானது.

ஆயினும் மர்மம் இல்லாமல் இல்லை. மன்னனை எங்கே, எந்த ஏற்பாட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், மைக்கேலின் பக்கத்தில் இருந்துகொண்டே ராசெண்டிலை எச்சரிப்பவர் யார், ஏன் என்பவையெல்லாம் சிறிது சிறிதாகத்தான் அவிழ்கின்றன. என் பார்வையில் நூலின் பெரிய மர்மம் வேறு. வேடம் கலையுமா என்ற கேள்வி நாவலின் நடுவிலேயே வலுவிழந்துவிடுகிறது. வேடம் கலையாமல் நிலைத்துவிட்டால் அதற்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்விதான் கடைசிப் பக்கம் வரை நம்மை இழுத்துச் செல்கிறது. காதலும் மர்மமும் அங்கேதான் ஒன்றாகின்றன.

இரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் அச்சு அசலாக எப்படி ஒரே மாதிரி இருக்க முடியும்? இரட்டையர் என்றாலாவது நம்பலாம்.

இரத்த சம்பந்தம் இருக்கிறது, அது சொல்லிக்கொள்ள முடியாத சம்பந்தம். முதல் அத்தியாயத்தை அவசரமாகப் புரட்டியவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். 1733-இல் ருரிட்டானிய இளவரசன் ஒருவன் ஆங்கில அரசவைக்கு விருந்தினனாக வருகிறான். ராசெண்டில் குடும்பத்துப் பிரபு ஒருவரின் மனைவியோடு அவனுக்கு உறவு ஏற்படுகிறது. பிரபு அவனை வாட்போருக்கு அழைக்கிறார். குளிர்ந்த காலையில் நடந்த அந்தச் சண்டையில் பிடித்த சளியே பிரபுவின் உயிரை வாங்கிவிடுகிறது. அவர் மனைவிக்குப் பிறந்த குழந்தையிடம் எல்ஃப்பெர்க் அரச குலத்தின் செந்நிறத் தலைமுடியும் நீண்ட நேரான மூக்கும் இருந்தன. அன்றுமுதல் அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் அந்தச் சாயலோடு பிறக்கிறார்.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகும் முகம் முழுவதும் ஒத்துப்போகுமா என்று உயிரியல் அறிந்தவர் கேட்டால் பதில் இல்லை. கதைக்கு அது போதும். அரண்மனையின் பழைய ஒழுக்கக்கேடு ஒன்றே பின்னாளில் அரண்மனையைக் காப்பாற்றுகிறது என்பதை ஆசிரியர் சிரிப்போடு சொல்வதால் நாமும் அதிகம் கேட்பதில்லை.

முகம் சரி. குரல், கையெழுத்து, சாப்பாட்டுப் பழக்கம் இதெல்லாம் மாட்டிக்கொடுக்காதா?

இந்தக் கேள்விக்கு ஆசிரியர் தந்திருக்கும் விடைகள்தான் நாவலின் மிகச் சுவையான பக்கங்கள். ராசெண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் படித்தவன், ஆகவே மொழி தடையில்லை. முடிசூட்டின் மறுநாள் காலை சாப்ட் மூன்று மணி நேரம் அவனுக்குப் பாடம் எடுக்கிறார். அவசரமாகச் சிற்றுண்டி உண்ணும்போதும் எதிரில் உட்கார்ந்துகொண்டு, மன்னன் காலையில் வெள்ளைத் திராட்சை மதுதான் அருந்துவான், காரசாரமான பதார்த்தங்கள் அவனுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கையெழுத்துச் சிக்கல் தீர்வது இன்னும் அழகு. முந்தைய இரவு எதிரிகள் சுட்ட குண்டு ஒன்று ராசெண்டிலின் விரலைக் கீறியிருந்தது. விரலில் காயம், எழுத முடியாது என்று அமைச்சரிடம் சொல்ல, அவர் முன்னுதாரணங்களைத் தேடிப் பெரிய ஆர்ப்பாட்டம் செய்து, கடைசியில் மன்னர் ஓர் அடையாளக் குறி இட்டால் போதும் என்று முடிவாகிறது. ஆளைச் சந்தேகிக்க வேண்டிய அமைச்சர், சடங்கு பிசகக்கூடாதே என்ற கவலையில் மூழ்கிவிடுகிறார். அரச பதவியைச் சுற்றியிருக்கும் சம்பிரதாயமே போலி மன்னனுக்குக் காவலாக நிற்பதை ஆசிரியர் வேறு இடங்களிலும் காட்டுகிறார். வெளிநாட்டுத் தூதர் வரும்போது ராசெண்டில் தடுமாறினாலும் பிழையில்லை, ஏனெனில் புதிதாக முடிசூடிய உண்மையான மன்னனும் அப்படித்தான் தடுமாறியிருப்பான்.

மைக்கேலுக்கு உண்மை தெரியுமே, “இவன் மன்னன் இல்லை” என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இதுவே அதிகம் பேர் கேட்பது, நாவலின் கட்டுமானமும் இதில்தான் நிற்கிறது. முடிசூட்டு முடிந்து அன்றிரவு சாப்ட்டும் ராசெண்டிலும், மயங்கிக் கிடந்த மன்னனை விட்டுவந்த வேட்டை மாளிகைக்குத் திரும்பும்போது, காவலுக்கு விட்டுப்போன வேலைக்காரன் ஜோசப் கொல்லப்பட்டுக் கிடக்கிறான், மன்னனைக் காணவில்லை. மன்னன் மைக்கேலின் ஜெண்டா கோட்டையில் சிறைப்பட்டிருக்கிறான். ராசெண்டில் போலி என்று மைக்கேல் அறிவித்தால், உண்மையான மன்னன் எங்கே என்ற அடுத்த கேள்விக்கு அவனே பதில் சொல்ல வேண்டியிருக்கும். மறுபக்கம், மன்னனைக் கடத்திவிட்டான் என்று ராசெண்டில் அறிவித்தால், அப்படியானால் நீ யார் என்று உலகம் கேட்கும். இரு தரப்பும் இருதலைக் கொள்ளி எறும்பாகி நிற்கின்றன.

மைக்கேல் மன்னனைக் கொன்றுவிடலாமே என்றால், அதுவும் முடியாது. மன்னன் செத்தால் போட்டியின்றி அரியணையில் இருக்கப்போகிறவன் ராசெண்டில், ஃபிளேவியாவை மணக்கப்போகிறவனும் அவனே. மைக்கேல் அரச தகுதியற்ற இரண்டாம் மணத்தில் பிறந்தவன். அரச இரத்தத்தில் அடுத்த உரிமையுடைய ஃபிளேவியாவை மணந்தால்தான் அவன் உரிமை உறுதிப்படும். ஆகவே முதலில் ராசெண்டிலைக் கொல்ல வேண்டும், பிறகுதான் மன்னனை. தோட்ட வீட்டில் மைக்கேலின் ஆட்கள் மூவர் ராசெண்டிலிடம் ஐம்பதாயிரம் பவுண்டு பேரம் பேசுவதாகப் பாவனை செய்து சுடக் காத்திருப்பதும், அவன் இரும்புத் தேநீர் மேசையைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு அவர்கள்மீது பாய்வதும் இதனால்தான்.

ராசெண்டில் படையோடு போய்க் கோட்டையைத் தாக்கவும் முடியாது. சிறையறைச் சாளரத்திலிருந்து அகழிநீர் வரை ஒரு பெரிய குழாயைப் பொருத்தியிருக்கிறார்கள். தாக்குதல் என்று தெரிந்த கணமே மன்னனைக் கொன்று, உடலோடு கனத்தைக் கட்டிக் குழாய்வழியே அகழியில் இறக்கிவிடுவது காவலர்களுக்கு இட்ட கட்டளை. எழுதியவர் வழக்கறிஞர் என்பது இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது நினைவுக்கு வரும். ஒவ்வொரு தரப்பும் வாய் திறந்தால் எதை இழக்கும் என்று கணக்குப் போட்டுக் கதையைப் பின்னியிருக்கிறார்.

ஆன்டுவானெட் தன் காதலனையே ஏன் காட்டிக்கொடுக்கிறாள்?

மைக்கேலைக் காதலிக்கும் பிரெஞ்சுப் பெண் அவள். மேலே சொன்ன கணக்கில் மைக்கேல் வென்றால் அவன் ஃபிளேவியாவை மணப்பான். அவன் தோற்க வேண்டும், ஆனால் சாகக்கூடாது என்பது அவள் விருப்பம். எச்சரிக்கைக் கடிதம் அவளிடமிருந்துதான் வருகிறது. நாவலில் மிகக் குறைவான பக்கங்களே பெற்றும், மற்றவர்களைவிடத் தெளிவாக நிலைமையைப் புரிந்துகொண்டவள் இவள் என்பேன்.

ஃபிளேவியாவை ராசெண்டில் ஏமாற்றிவிட்டான் என்றுதானே சொல்ல வேண்டும்?

ஆம். இதை நியாயப்படுத்த முயலும் வாசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசியல் காரணம் இருந்தது, சாப்ட் வற்புறுத்தினார், மக்கள் எதிர்பார்த்தார்கள் என்பவையெல்லாம் சரி. ஆனால் நடன விருந்தின் இரவில் அவன் பேசியது அரசியலுக்காக அல்ல, அவனே அதை ஒப்புக்கொள்கிறான். அந்தக் காட்சியில் அவள், இந்த அன்பு முன்பெல்லாம் தன்னிடம் இருந்ததில்லை, முடிசூட்டு நாளுக்குப் பிறகே வந்தது என்கிறாள். அவள் காதலிப்பது மன்னனை அல்ல, ராசெண்டிலைத்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நான் மன்னனாக இல்லாமல் சாதாரண மனிதனாக இருந்தால் என்று அவன் தொடங்க, வாக்கியம் முடியுமுன்பே அவள் கை அவன் கைக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் சிறைக் கைதியாக இருந்தாலும் எனக்கு மன்னர்தான் என்ற பொருள்பட அவள் சொல்கிறாள். உண்மையைச் சொல்ல வாய் திறந்த அந்த நேரத்தில் சாப்ட் குறுக்கே வந்துவிடுகிறார்.

ஆசிரியர் கடுமையாக இருப்பது இதற்குப் பிறகுதான். உண்மை அவளுக்குத் தெரியவருவது காதலன் வாயால் அல்ல. மன்னன் மீட்கப்பட்ட பின், காட்டோரத்தில் மறைந்திருக்கும் ராசெண்டிலை அவள் கண்டு ஓடிவந்து அணைக்கும்போது, அவர் மன்னர் அல்ல என்று சாப்ட் சொல்ல நேர்கிறது. ஏமாற்றியவனுக்குச் சொல்லும் தைரியம் கடைசிவரை வாய்க்கவில்லை.

எல்லாம் தெரிந்த பிறகும் அவள் ஏன் அவனோடு போகவில்லை?

கோபத்தால் அல்ல. அவள் அவனை மன்னித்துவிடுகிறாள், காதலும் குறையவில்லை. தன் குலத்துக்கும் நாட்டுக்கும் தான் கட்டுப்பட்டவள், காதல் ஒன்றே உலகில் முக்கியமாக இருந்தால் உலகெங்கும் உன் பின்னால் வருவேன், அப்படி இல்லையே என்பது அவள் நிலை. அவனும் மன்னனை மீட்காமல் விட்டிருக்கலாம், மீட்டான். மானத்தை முன்னிட்டு நீ ஒன்றை விட்டாய், நானும் ஒன்றை விடுகிறேன் என்று அவள் தன் முடிவை அவன் முடிவுக்குச் சமமாக வைக்கிறாள். அவளைப் பலவீனமானவள் என்று எண்ணுவோர் இந்தப் பேச்சை மறுபடி படிக்க வேண்டும்.

அவள் மன்னனை மணக்கிறாள். ஆண்டுக்கொரு முறை ஃபிரிட்ஸ் டிரெஸ்டனுக்கு வருகிறான். அவன் கொண்டுவரும் சிறு பெட்டியில் ஒரு சிவப்பு ரோஜா இருக்கும், காம்பில் இருவர் பெயரும் எழுதிய சிறு தாள் சுற்றியிருக்கும். ராசெண்டிலும் அதேபோல் ஒன்று கொடுத்தனுப்புவான்.

‘நாடோடி மன்னன்’ இந்த நாவலைத் தழுவியதுதானே?

1958-இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த அந்தப் படத்தில் இந்நாவலின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகிறது. முடிசூட்டுக்கு முன் மன்னன் மயக்கப்படுவதும், உருவத்தில் ஒத்த இன்னொருவன் அரியணையில் அமர்வதும், உண்மை மன்னன் சிறைப்படுவதும் அப்படியே இருக்கின்றன. ஆனால் உள்ளே வேறு கதை. ராசெண்டிலுக்கு ருரிட்டானிய மக்களின் வறுமையைப் பற்றி எந்தச் சிந்தனையும் கிடையாது. ஆட்சியை இருந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். படத்தில் மன்னனாக வேடமிடும் வீராங்கனோ மன்னராட்சியை எதிர்க்கும் புரட்சிக்காரன், கிடைத்த அரியணையைச் சட்டங்களை மாற்றப் பயன்படுத்துகிறான், படம் மக்களாட்சியில் முடிகிறது.

காதலில் வேறுபாடு இன்னும் பெரிது. நாவலில் மன்னனுக்கு உரியவளை வேடக்காரன் காதலிப்பதே மையம். படத்திலோ அரசி ஏற்கெனவே மன்னனின் மனைவி, அவளிடம் வீராங்கன் உண்மையைச் சொல்லித் தங்கையாக ஏற்றுக்கொள்கிறான். நம் பார்வையாளருக்காக நாயகனின் ஒழுக்கத்தைக் காப்பாற்றிய மாற்றம் அது. முந்தைய கேள்வியில் பேசிய வேதனை முழுவதும் அந்த ஒரு மாற்றத்தில் காணாமல் போய்விடுகிறது. அதே ஆண்டு வந்த சிவாஜியின் ‘உத்தமபுத்திரன்’ பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையிலிருந்து வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் இரட்டைச் சகோதரர்கள்.

நிஜ வரலாற்றில் இப்படி யாராவது அரசனாக நடித்து வெற்றி பெற்றிருக்கிறார்களா?

கொஞ்ச காலத்துக்குப் பெற்றிருக்கிறார்கள். இறந்துபோன இளவரசன் திமீத்ரி நான்தான் என்று வந்தவன் 1605-இல் மாஸ்கோவில் ரஷ்யப் பேரரசனாக முடிசூடினான், அடுத்த ஆண்டே கொல்லப்பட்டான். அவன் மனைவி மரீனா, பிறகு இரண்டாவதாக ஒரு போலி திமீத்ரி கிளம்பியபோது அவனையும் தன் கணவன் என்று ஏற்றுக்கொண்டாள். எந்த நாவலாசிரியரும் எழுதத் தயங்கும் திருப்பம்.

நம் துணைக்கண்டத்தில் கிழக்கு வங்காளத்துப் பவால் ஜமீன் வழக்கு உண்டு. 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகக் கருதப்பட்ட ஜமீன் குமாரர் தாமே என்று 1921-இல் ஒரு சந்நியாசி வெளிப்பட்டார். மனைவி கடைசிவரை மறுத்தார், சகோதரி ஏற்றுக்கொண்டார். 1936-இல் டாக்கா நீதிமன்றமும், மேல்முறையீட்டில் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1946-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. அவர்கள் எல்லாரும் தமக்காக உரிமை கோரினார்கள். இன்னொருவனுக்காக இடத்தைக் காத்துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் ராசெண்டிலைப் போன்றவன் கதையில்தான் கிடைப்பான்.

மன்னன் குடிகாரன், பொறுப்பில்லாதவன். ராசெண்டிலே ஆண்டிருந்தால் நாட்டுக்கு நல்லதுதானே?

இந்த எண்ணம் நமக்கு வர வேண்டும் என்றே ஆசிரியர் எழுதியிருக்கிறார். மன்னன் தகுதியற்றவன் என்பதை ஃபிரிட்ஸே மறைமுகமாகச் சொல்கிறான். அதைவிட ஆபத்தான குரல் ரூபர்ட்டுடையது. மைக்கேலின் கையாட்கள் ஆறு பேரில் மிக இளையவன், அழகன், சிரித்துக்கொண்டே கொலை செய்பவன். கோட்டையைத் தாக்கு, உன் இரகசியம் தெரிந்த சாப்ட்டையும் ஃபிரிட்ஸையும் முன்னால் அனுப்பிச் சாகவிடு, மைக்கேலும் சாகட்டும், மன்னன் குழாய்வழியே போகட்டும், மிஞ்சுவது நீயும் நானும் என்று அவன் ராசெண்டிலிடம் யோசனை சொல்கிறான். கணக்கில் பிழையே இல்லை. ஃபிளேவியாவும் கிடைப்பாள்.

கதை முழுவதையும் ராசெண்டில்தான் தன் வாயால் சொல்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்கு அந்தச் சபலம் வந்ததை அவன் மறைக்கவில்லை. ஆனால் எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு அவன் சாட்சியத்தைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. அவனை முழுக்க நம்பும் வாசகர்கள் உண்டு. மன்னனை மீட்கப் போவதை அவன் சற்று அதிகமாகவே தள்ளிப்போட்டதாக எனக்குப் படுகிறது. ஆட்சித் தகுதியை வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு ஆம் என்பதே பதில். ஆனால் தகுதியே உரிமை என்று ஒப்புக்கொண்டால் மைக்கேலையும் எளிதில் ஒதுக்க முடியாது. அவனும் திறமைசாலிதான், தலைநகரின் பழைய பகுதியில் அவனுக்குப் பெரிய ஆதரவு இருக்கிறது.

எந்தத் திரைப்படத்தைப் பார்ப்பது?

1937-இல் வந்த, ரொனால்ட் கோல்மன் நடித்த படம். ரூபர்ட்டாக டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர் நடித்ததற்காகவே பார்க்கலாம். 1952-இல் அதே திரைக்கதையை வண்ணத்தில் மீண்டும் எடுத்தார்கள். நிறம் வந்தது, வேகம் போனது.

இரண்டாம் பாகம் இருக்கிறதாமே, அதையும் படிக்க வேண்டுமா?

‘ரூபர்ட் ஆஃப் ஹென்ட்சாவ்’, 1898-இல் வந்தது. இதைச் சொல்பவன் ஃபிரிட்ஸ். முதல் நாவலில் தப்பியோடிய ரூபர்ட், ஃபிளேவியா ராசெண்டிலுக்கு எழுதிய கடிதத்தைப் பறித்துக்கொள்வதில் கதை தொடங்குகிறது. நடையில் பழைய குறும்பு இல்லை, இருள் அதிகம்.

முடிவைச் சொல்வதில் தடை இல்லையென்றால் இதைச் சொல்லலாம்: மன்னன் கொல்லப்பட்டு, அரியணையை ஏற்றுக்கொள்ளும்படி நண்பர்கள் ராசெண்டிலை மன்றாடுகிறார்கள். அவன் தோட்டத்தில் தனியே நடந்து யோசித்து முடிவெடுக்கிறான். அதை வாய்விட்டுச் சொல்லுமுன் சுடப்பட்டு இறக்கிறான். மன்னனைப் பற்றிய கேள்விக்கு இரண்டாம் பாகத்தில் விடை கிடைக்கும் என்று எடுத்துப் படித்தவர்கள் எரிச்சலோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஃபிளேவியா தனியாக ஆட்சியைத் தொடர்கிறாள்; அவள் ஆளும் விதத்தைப் பற்றி ஆசிரியர் இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம் என்பதே என் குறை.